முனியம்மா மடித்துக்கொண்டு போன கோடு

போன மாதம் நடந்த நடுவர் முகாமில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று, "சார், மைதானத்துல கோடே இல்லைன்னா என்ன பண்றது?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுப் பேசி, ஆட்டம் தொடங்கும் முன்பே ஓர் எல்லையை முடிவு செய்துகொள்ள வேண்டும்" என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். நான் காபி குடிக்கப் போய்விட்டேன்.

அந்தப் பதிலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது தப்பித்துக்கொள்கிற பதில். கோடே இல்லாத மைதானத்தில் நான் ஒருமுறை நடுவராக நின்றிருக்கிறேன். அன்றைக்கு இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டேன், பேசினேன், எல்லையை முடிவும் செய்தேன். முகாமில் உங்களுக்குச் சொன்னபடி ஓர் எழுத்து பிசகாமல் செய்தேன். அப்படியும் அந்த எல்லை ஆட்டத்தின் நடுவில் எழுந்து போய்விட்டது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே எழுந்து போனது. கேள்வி கேட்ட பெண்ணின் முகம் அன்றிலிருந்து என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன்.

முதலில், இந்தத் தொழிலுக்கு நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். தகுதி பார்த்து என்னை யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடியும் சமயம். பெங்களூரில், தண்டு என்று நாங்கள் சொல்கிற கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். கொஞ்ச தூரத்தில் ராணுவ லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. உதிரி பாகங்களோடு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நாலைந்து பேர், பொழுது போகாமல் பட்டறை ஆட்களுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். ஆட்டம் தங்கிவிட்டது, நடுவர் போய்விட்டார். அடுத்து யார் என்ற கேள்வி வந்தபோது, விசில் வைத்திருக்கிற ஆளாகப் பார்த்து என்னிடம் வந்தார்கள். முதல் மூன்று ஆட்டங்களில் ஒவ்வொரு பந்துக்கும் விசில் ஊதினேன். இந்த ஆட்டத்தில் விசிலே கிடையாது என்று, சிப்பாய்கள் விட்டுப்போன விதிப்புத்தகத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மானம் போய்விடுமே என்று மெல்ல மெல்ல ஊதுவதைக் குறைத்துக்கொண்டேன்.

பட்டறையில் இரண்டு அணிகள். என்ஜின் ஷாப் ஒன்று, பெயிண்ட் ஷாப் மற்றொன்று. என்ஜின் ஷாப்புக்குக் கேப்டன் இன்னாசி. பந்து வீசுவதும் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவன், அதனால் அவன் ஒரு தீர்ப்பை எதிர்த்தால் தொம்மலூர் வரைக்கும் கேட்கும். நல்லவன். ஆனால் தோற்பதற்கு என்று ஒரு பொறுமை வேண்டுமே, அது அவனிடம் மருந்துக்கும் கிடையாது. பெயிண்ட் ஷாப்புக்கு ரங்கன். பேச மாட்டான், பந்தை மட்டும் நன்றாக அடிப்பான்.

அந்த வருஷம் இரண்டு அணிகளுக்கும் கோப்பைப் போட்டி. கோப்பையைக் கொடுப்பவர் பட்டறை மேனேஜரான வெள்ளைக்கார துரை. ஆட்டம் காலையில், கோப்பை சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் பங்களாவில், தேநீரோடு. ஆட்டம் சமனில் முடிந்தால் கோப்பை போன தடவை வென்ற என்ஜின் ஷாப்பிடமே இருக்கும் என்று ஏற்பாடு.

கோடு போட ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வேண்டும் என்று பட்டறை ஸ்டோருக்கு மூன்று பிரதிகளில் எழுதிக் கேட்டிருந்தோம். முந்தின நாள் பதில் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதால், இருந்த சுண்ணாம்பு முழுவதையும் பட்டறை வாசலில் இருக்கிற கற்களுக்கும் மரங்களுக்கும் அடித்தாகிவிட்டதாம். நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். உண்மைதான். வேப்பமரம் ஒன்று இடுப்பு வரைக்கும் வெள்ளையாக நின்றது. அதன் அடியில் இருந்த எறும்புப் புற்றையும் விடவில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒருவன் எவ்வளவு சிரத்தையாக இருப்பான் என்பதற்கு அந்தப் புற்றைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து மைதானத்துக்குப் போனால், அங்கே சுண்ணாம்பு மட்டுமல்ல, இடமும் இல்லை. புல்வெளி முழுவதும் வெள்ளைத் துணி. தொம்மலூர் ஏரியில் துவைத்து, பங்களாக்களுக்குத் துணி கொடுக்கிற முனியம்மா பரப்பியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாக்கு மட்டும் என்னைவிட நூறு வயது மூத்தது. ஓரத்தில் அவருடைய கழுதை எதையோ மென்றுகொண்டிருந்தது.

"அக்கா, இன்னைக்கு இங்க மேட்ச் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். எனக்கும் வெயில் இருக்கு."

"துணியெல்லாம் எடுக்கணுமே."

"எடுத்து எங்க போடறது, உங்க தலை மேலயா? மூணு நாளா மழை. இன்னைக்குத்தான் சூரியன் ஸ்வல்பம் மூஞ்சி காட்டுறான். நாலு மணிக்கு மேனேஜர் பங்களாவுக்கு மேஜைத் துணி போயாகணும். அங்க என்னமோ டீ பார்ட்டியாம்."

அந்த டீ பார்ட்டியே எங்கள் கோப்பைக்காகத்தான் என்று அவருக்கு விளக்கிச் சொன்னேன். அப்படியென்றால் துணி காயவேண்டியது என்னுடைய பொறுப்பும்தான் என்று அவர் பதில் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் பாதி பெருமையாகவும் பாதி வெட்கமாகவும் இருக்கிறது.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. அடிப்பவர் நிற்கிற இடத்திலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு கோடுகள் விரிந்து போகும். பந்து அவற்றுக்குள்ளேயோ கோட்டின் மேலேயோ விழுந்தால் ஃபேர், செல்லும். வெளியே விழுந்தால் ஃபவுல், செல்லாது. செல்லும் பந்தை அடித்தவர் மூன்று பேஸையும் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன். அந்த இரண்டு கோடும் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. எனக்கு வேண்டியது இரண்டு நீண்ட வெள்ளைக் கோடு. முனியம்மாவிடம் இருந்தது ஒரு மைதானம் நிறைய நீண்ட வெள்ளைத் துணி.

முனியம்மா கொடிக்கயிற்றை இழுத்துப் பிடித்து அளந்து, துணிகளை இரண்டு வரிசையாக விரித்தார். வலப்பக்கம் படுக்கை விரிப்புகள். இடப்பக்கம் முதலில் தலையணை உறைகள், அப்புறம் துண்டுகள், மூன்றாவது பேஸைத் தாண்டியதும் அந்த மேஜைத் துணி. ஆறு ஆள் படுக்கலாம், அவ்வளவு நீளம். ஓரமெல்லாம் லேஸ். சும்மா சொல்லக் கூடாது, எந்தச் சுண்ணாம்புக் கோட்டையும் விட நேராக இருந்தது. அகலம்தான் ஒரு கஜத்துக்கு மேலே.

இங்கேதான் நான் செய்த முதல் தப்பு. இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, "பந்து துணி மேல பட்டா ஃபேர். ஆள் துணியை மிதிச்சா அவுட்" என்று அறிவித்தேன். இருவரும் தலையாட்டினார்கள். அந்தப் பக்கம் திரும்பி முனியம்மாவிடம், "ஒரு பந்துகூட உங்க துணி மேல படாது அக்கா, நான் பொறுப்பு" என்று சொன்னேன். இரண்டு வாக்கையும் ஒரே மூச்சில் கொடுத்தேன். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது உடையும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்களே, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

ஆட்டம் நடந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓடி வருகிறவன் துணியைக் கண்டதும் குதிரை மாதிரி தாண்டுவான். முனியம்மா கையில் ஒரு குச்சியோடு இடப்பக்க வரிசையை ஒட்டி நடந்துகொண்டே, பக்கத்தில் வருகிறவனின் பாதத்தைத்தான் பார்ப்பார். என் வாழ்நாளில் அவ்வளவு கண்டிப்பான கோட்டு நடுவரைப் பார்த்ததில்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் கழுதை இரண்டாவது பேஸைத் தின்ன ஆரம்பித்தது. பேஸ் என்பது வைக்கோல் திணித்த சாக்கு. பெயிண்ட் ஷாப் ஆள் ஒருவன் ஓடி வந்து, சாக்கு இருந்த இடத்தில் கழுதையின் வாய் இருப்பதைக் கண்டு, வேறு வழியில்லாமல் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். "கழுதையைத் தொட்டா பேஸைத் தொட்டதாகுமா மாஸ்டர்?" என்று இன்னாசி கத்தினான். "முழுங்குற வரைக்கும் அது பேஸ்தான்" என்று தீர்ப்புச் சொன்னேன். விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் உடனே சொன்னேன், உரக்கச் சொன்னேன். இன்னாசிகூட ஏற்றுக்கொண்டான். அந்த ஒரு தீர்ப்பு எனக்கு வேண்டாத தைரியத்தைக் கொடுத்துவிட்டது.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் சமமான ரன். பெயிண்ட் ஷாப் அடிக்கிறது, இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் ஓர் ஆள் தயாராக நிற்கிறான். ரங்கன் மட்டையைப் பிடித்திருக்கிறான். பந்து ஃபேராக விழுந்தால் பெயிண்ட் ஷாப்புக்குக் கோப்பை. கிழக்கே அல்சூர்ப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. முதல் துளி என் மூக்கின் மேல் விழுந்தது.

முனியம்மா மேலே ஒரு தடவை பார்த்தார். உடனே குச்சியை வீசிவிட்டு இடப்பக்கக் கோட்டை எடுக்க ஆரம்பித்தார். தலையணை உறை போனது, துண்டு போனது. அந்த நொடியே நான் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். கோடு நகர்ந்தால் ஆட்டம் நிற்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்ற சபலம். இன்னும் ஒரே ஒரு பந்து என்று இருந்துவிட்டேன். இது இரண்டாவது தப்பு.

இன்னாசி வீசினான், ரங்கன் அடித்தான். பந்து இடப்பக்கம், மூன்றாவது பேஸுக்கு மேலாகப் பறந்தது. எல்லோர் கண்ணிலும் மழைத்துளி. சரியாக அந்தச் சமயத்தில் முனியம்மா கடைசித் துண்டை உதறி மடிப்பதற்காக இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைத் திரையும், அதற்குக் கீழே இரண்டு பாதங்களும்தான். திரைக்குப் பின்னால் பந்து விழுந்த சத்தம் கேட்டது. அதோடு, "ஐயையோ!" என்று ஒரு குரலும்.

நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் கோடு இல்லை. தலையணை உறை, துண்டு, மேஜைத் துணி எல்லாம் ஒரே மூட்டையாக முனியம்மாவின் தலையில் ஏறி, தூங்குமூஞ்சி மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பந்து மட்டும் வெறும் புல்லின் மேல் கிடந்தது. பெயிண்ட் ஷாப் மொத்தமும் "ஃபேர்!" என்றது. என்ஜின் ஷாப் மொத்தமும் "ஃபவுல்!" என்றது. யாரும் பார்க்கவில்லை. பார்க்காதவர்கள்தான் உரக்கக் கத்துவார்கள் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

"அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கு நடந்தேன். முனியம்மா மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். மழை பெய்யும்போது துவைத்த துணி மூட்டையின் மேல் யாரும் உட்கார மாட்டார்கள், கசங்கிப்போகும். அதுவும் அவர் உட்காரவே மாட்டார்.

"அக்கா, பந்து துணி மேல பட்டுச்சா?"

"பந்தும் இல்ல, கிந்தும் இல்ல. போங்க மாஸ்டரே."

"கத்துனீங்களே."

"கால்ல முள்ளு."

கொஞ்ச நேரம் என்னையும் மழையையும் மாறி மாறிப் பார்த்தவர், எழுந்து, மூட்டையைப் பிரித்து, மேஜைத் துணியின் ஒரு மூலையைக் காட்டினார். வட்டமாக, ஈரச் செம்மண்ணில் பந்தின் அச்சு. தையல்கூட எண்ணிவிடலாம் போல அவ்வளவு துல்லியம். பந்து கோட்டின் மேல்தான் விழுந்திருக்கிறது. ஃபேர். சந்தேகமே இல்லை.

"ஒரு பந்தும் படாதுன்னீங்களே மாஸ்டரே" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "போன மாசம் ஒரு சட்டைல சாயம் ஒட்டிக்கிச்சுன்னு மேனேஜர் வீட்டம்மா சொன்னாங்க. இன்னொரு தடவை எதுனா ஆச்சுன்னா வரவேணாம்னு சொல்லிட்டாங்க. அவங்க வேணாம்னா அந்த ரோட்ல இருக்குற எல்லா பங்களாவும் வேணாம்னுடும். இப்ப இதைத் துவைச்சா நாலு மணிக்குள்ள எந்த வெயில்ல காயும்?"

என் கையில் உலகத்திலேயே மிகத் தெளிவான சாட்சி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் இன்னாசியின் முகத்துக்கு நேரே விரித்தால் வாதம் முடிந்தது. விரித்தால் பதினெட்டு பேரும் பார்ப்பார்கள், நாலரை மணிக்கு அந்தப் பதினெட்டு பேரும் பங்களாவில் அந்தத் துணியைச் சுற்றி நின்று சிரிப்பார்கள். முனியம்மாவின் பிழைப்பு அங்கேயே முடிந்தது. அந்தத் துணியை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவன் நான். அவர் வெயிலுக்குத்தான் விரித்தார்.

டிரில் மாஸ்டர் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். "காஞ்சதும் இதைத் தேய்ச்சுப் பாருங்க அக்கா. நான் யாருக்கும் காட்ட மாட்டேன்." மைதானத்துக்கு அன்றைக்கு வந்துசேர்ந்த சுண்ணாம்பு அவ்வளவுதான்.

திரும்பி வந்து, "ஃபேர்" என்று கையை நீட்டினேன். பெயிண்ட் ஷாப் குதித்தது. இன்னாசி என் மார்பில் இடிக்கிற மாதிரி நெருங்கி வந்து நின்றான்.

"எப்படி மாஸ்டர் ஃபேர்? கோட்டைத்தான் அந்தம்மா மூட்டை கட்டி எடுத்துக்கினு போயிட்டாங்களே!"

"பந்து கோட்டு மேல விழுந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"தீர்ப்புச் சொல்லியாச்சு, இன்னாசி."

"அது இல்ல நான் கேட்டது. உங்க கண்ணால பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொன்னால் பொய். பார்க்கவில்லை என்றால் தீர்ப்பு நிற்காது. பார்த்தது துணியைத்தான் என்றால் அவன் நேராக மரத்தடிக்குப் போய்விடுவான். இத்தனை வருஷத்தில் ஒரு கேப்டனின் கண்ணைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து நின்றது அந்த ஒரே ஒரு தடவைதான். அவனும் அதைக் கவனித்துவிட்டான். "சரி மாஸ்டர். துரைகிட்டயே கேட்டுக்கறேன்" என்றான். காகிதத்தில் மழை படாமல் ஒருவன் சட்டையை விரித்துப் பிடிக்க, ஈரம் பட்டால் மையாகிவிடுகிற காப்பியிங் பென்சிலால் ஒரு புகார் எழுதினார்கள். நடுவர் பார்க்காததைப் பார்த்ததாகத் தீர்ப்புச் சொன்னார், அவரை இனி வைத்துக்கொள்ளக் கூடாது, விசாரணை வேண்டும். கீழே ஒன்பது கையெழுத்து, முதல் கையெழுத்து இன்னாசியுடையது.

என் நடுவர் பதவி போனால் போகட்டும், விசில் என்னிடம்தான் இருக்கும். விசாரணை என்று வந்தால்தான் பயம். துரை முதலில் கேட்கப்போவது, 'கோடு எது?' என்றுதான். கோடு அவர் மேஜையின் மேல் விரிந்திருக்கும்.

நாலரை மணிக்கு பங்களா வராந்தாவில் எல்லோரும் தலையை வாரிக்கொண்டு நின்றோம். மழையால் புல்தரையில் போட வேண்டிய மேஜையை உள்ளே இழுத்திருந்தார்கள். மேஜைத் துணி பளபளவென்று இஸ்திரி மடிப்போடு விரிந்திருந்தது. கேக் நடுவில் இருந்தது. கோப்பை மட்டும் நடுவில் இல்லை, ஒரு மூலையில், விழப்போகிற மாதிரி விளிம்பை ஒட்டி வைத்திருந்தார்கள். பங்களா பட்லரிடம் முனியம்மா என்ன சொல்லி வைத்தாரோ, எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கறை கோப்பைக்கு அடியில் இருக்கிறது. வராந்தாவின் கோடியில் அழுக்குத் துணிக் கூடையோடு முனியம்மா நின்றிருந்தார். அவர் கோப்பையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

துரையின் மனைவி துரைசானி எல்லோருக்கும் தேநீர் கொடுக்கச் சொன்னார். இன்னாசி இடது கையில் தேநீர்க் கோப்பையும் வலது கையில் மடித்த புகாருமாக மேஜையின் அந்த மூலைக்கே வந்து நின்றான். துரைக்குப் பக்கத்தில் நின்றால்தானே சமயம் பார்த்துக் கொடுக்கலாம். துரை விளையாட்டு வீரனின் பண்பைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். நான் கேட்கவில்லை. கைதட்டினார்கள். துரை கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார்.

ஈரக்காற்றில் கோப்பையின் அடி நனைந்திருக்கிறது. அது சாக்பீஸ் தூள் முழுவதையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளைத் துணியின் மேல், சிவப்பாக, தையலோடு, பந்து உட்கார்ந்திருந்தது.

துரை ரங்கனைத் தேடிக்கொண்டிருந்தார். துரைசானி கேக்கை வெட்டக் கத்தியை எடுக்கத் திரும்பியிருந்தார். பார்த்தவன் இன்னாசி ஒருவன்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. என்னைப் பார்த்தான். வராந்தாக் கோடியில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற முனியம்மாவைப் பார்த்தான். இவ்வளவுக்கும் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் ஆகியிருக்கும். துரைசானி கத்தியோடு திரும்பினார்.

இன்னாசி தேநீரைக் கவிழ்த்தான்.

கை தவறிக் கவிழ்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாக, ஒரு சொட்டு பாக்கி வைக்காமல், அந்த மூலையில் குறி பார்த்து ஊற்றினான். அன்று காலை முழுதும் அவன் வீசிய எந்தப் பந்தும் அவ்வளவு சரியாகப் போய் விழவில்லை. "சாரி மேடம், சாரி, சாரி!" என்று கோயில் குரலில் கத்திக்கொண்டே, கையில் இருந்த காகிதத்தால் பரபரவென்று ஒற்றி ஒற்றித் துடைக்க ஆரம்பித்தான். அது புகார். காப்பியிங் பென்சில் எழுத்தில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். செம்மண் மறைந்தது, தேநீர் மறைந்தது, மூலை முழுவதும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

துரைசானி இங்கிலீஷில் அவனைத் திட்டித் தீர்த்தார். பதினேழு பேர் முன்னால் அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். தோற்கப் பொறுக்காத அந்த இன்னாசிதான். பிறகு அவர் முனியம்மாவைக் கூப்பிட்டு, இந்தக் கறை போகுமா என்று கேட்டார். முனியம்மா துணியைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, டாக்டர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாக்கறேன்மா. எப்படித்தான் இப்படிப் பாழ் பண்றாங்களோ! நாலு மணிக்கு எவ்வளவு சுத்தமா கொடுத்தேன்!"

இன்னாசி மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

கோப்பை ரங்கனிடம் போனது. பங்களா கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகு இன்னாசி என்னோடு சேர்ந்து நடந்தான்.

"ஃபேர்தான் மாஸ்டர்" என்றான்.

"ஆமாம்."

"நீங்க பாத்தீங்களா?"

காலையில் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை அவன் கண்ணைப் பார்த்தே சொன்னேன். "பாக்கல, இன்னாசி. துணியைத்தான் பாத்தேன்."

"நானும் துணியைத்தான் பாத்தேன்" என்றான். அதோடு விட்டுவிட்டான்.

பின்வரிசைப் பெண்ணே, கோடு இல்லையென்றால் என்ன செய்வது என்று கேட்டாய். கேப்டன்களைக் கூப்பிடு, எல்லையை முடிவு செய், அதை எழுதிக்கொண்டாய் அல்லவா? அதற்குக் கீழே இதையும் எழுதிக்கொள். அந்த எல்லை யாருடைய சொத்து என்று முதலில் விசாரி. ஒரே பந்துக்கு இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்காதே. கோடு எழுந்து நடந்தால் ஆட்டத்தை நிறுத்து. உன்னை எதிர்த்துக் கத்துகிறவனை எதிரி என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு என்னையும் முனியம்மாவையும் காப்பாற்றியவன் என் மேல் புகார் எழுதியவன்தான். இதை இத்தனை வருஷம் வெளியில் சொல்லாமல் இருந்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவன் இருந்தால், இதையும் எதிர்த்துக் கத்தியிருப்பான்.

செம்மண்ணும் தேநீரும் இரண்டே துவைப்பில் போய்விட்டனவாம். பென்சில் மை மட்டும் போகவே இல்லை. இனி இதை மேஜையில் போட முடியாது என்று துரைசானி அந்தத் துணியை முனியம்மாவுக்கே கொடுத்துவிட்டார். பங்களா வேலையும் தங்கியது. அடுத்த வாரம் பட்டறையிலிருந்து ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் வந்தது. கோடு போட்டோம். முனியம்மா வந்து பார்த்துவிட்டு, "கோணல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி, சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே, மூன்றாவது பேஸுக்கு அப்பால், அந்த மேஜைத் துணியை விரித்துவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விரித்தார். அது அவருடைய சொந்தத் துணி, பந்து பட்டால் யாருக்கும் பயமில்லை. அதன் மேல் விழுந்த பந்தை ஃபவுல் என்று எந்தக் கேப்டனும் ஒருநாளும் வாதாடியதில்லை.

குனிந்து பார்த்தால் அந்த மூலையில் எழுத்துகள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறித் தெரியும். பொறுமையாகப் படித்தால் என் பெயரும், 'பார்க்காததை' என்ற சொல்லும், முதல் கையெழுத்தில் பாதியும் தேறும். என்னை இனி நடுவராக வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அந்தப் புகாரைத்தான் அடுத்த மூன்று வருஷமும் என் இடப்பக்கக் கோடாக வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.